எண்ணப்படாதோர் எண்ணப்பட்ட வரலாறு

ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகள் இருவகை. ஒன்று, உயிரைப் பறிப்பது. மற்றொன்று, பறிபோன உயிரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. இவ்விரண்டாம் கொடுமையை எதிர்த்துக் கனடா நாட்டின் பூர்வகுடிப் பெண்கள் போராடிய வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அந்நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பிரின்ஸ் ஜார்ஜ் நகரிலிருந்து பிரின்ஸ் ரூப்பர்ட் துறைமுகம் வரை ஏறத்தாழ 720 கிலோமீட்டர் செல்லும் 16-ஆம் நெடுஞ்சாலைக்குக் 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்று பெயர். காடும் மலையும் சூழ்ந்த அவ்வழியில் சிதறிக் கிடக்கும் பூர்வகுடிக் குடியிருப்புகளுக்குப் போதிய பேருந்து வசதி இல்லை. ஏழைப் பெண்கள் வழிப்போக்கர் வண்டிகளில் இடங்கேட்டுச் சென்றனர். பலர் வீடு திரும்பவில்லை. முறையிடச் சென்ற உற்றார், "தானே எங்கேனும் போயிருப்பாள்" என்னும் அலட்சியத்தையே பெரிதும் கண்டனர்.

இவ்வலட்சியம் திடீரென்று முளைத்ததன்று. பூர்வகுடியல்லாத ஒருவரை மணந்த பூர்வகுடிப் பெண்ணின் சட்டத் தகுதியையே பறித்த விதி, 1985 வரை அந்நாட்டில் நடைமுறையில் இருந்தது. சட்டமே மதியாத பெண்ணைக் காவலர் மதிப்பரோ?

அரசு எண்ணாதபோது அம்மக்களே எண்ணத் தொடங்கினர். 1992 முதல் வான்கூவர் நகரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 14 அன்று நினைவுப் பேரணி நடத்தினர். 2005-இல் கனடா பூர்வகுடிப் பெண்கள் சங்கம், அரசின் நிதியுதவியைப் பெற்று விவரம் திரட்டலாயிற்று; 2010-க்குள் கொலையுண்டோரும் காணாமற்போனோருமாக 582 பேரின் விவரங்களைத் தொகுத்தது. அதன் பின்னரே, 2014-இல், மத்தியக் காவற்படை தன் கணக்கை வெளியிட்டது. 1980 முதல் 2012 வரை கொலையுண்டோர் 1,017, காணாமற்போனோர் 164, ஆக 1,181 பேர். பெண்கள் தொகையில் 4.3 விழுக்காடே ஆன பூர்வகுடியினர், கொலையுண்ட பெண்களில் 16 விழுக்காடாக இருந்தனர்.

இவ்வுண்மையை இனி எவராலும் மறைக்க இயலவில்லை. 2016-இல் தேசிய விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2019 ஜூன் 3-ஆம் நாள் வெளியான அதன் இறுதி அறிக்கை, நிகழ்ந்தது இனப்படுகொலையே என்று கூறி, நீதிக்கான 231 கோரிக்கைகளை முன்வைத்தது. 2021-இல் தேசியச் செயல்திட்டமும் வெளியாயிற்று.

ஆயினும் அறிக்கை வேறு, செயல் வேறு. கண்ணீர் நெடுஞ்சாலைக்குப் பேருந்து வேண்டுமென்று மாநாடு கூட்டிப் பரிந்துரைத்தது 2006-இல். புதிய பேருந்துகள் ஓடத் தொடங்கியது 2017-இல். ஒரு பேருந்திற்குப் பதினோராண்டுகள்!

இளைஞர்களே! அரசினர் எடுத்த ஒவ்வொரு நடவடிக்கைக்கும் முன்னே, துயருற்ற மக்கள் தம் கையால் எழுதிய பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்தது. நம் சங்கம் கால் நூற்றாண்டாகக் கல்வியைப் பரப்பி வருவது உத்தியோகத்திற்காக மட்டுமன்று. நாளும் பெயரும் குறித்து வைக்கவும், மனு எழுதவும், காவல் நிலையத்தில் எழுதப்படுவதைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடவும் நமக்கு எழுத்து வேண்டும். நம் இழப்பை நாமே எழுதி வைத்தாலன்றிப் பிறர் எண்ணார்.