மதிநுட்பம்: சொற்பொருளும் ஆட்சியும்

விரைந்து அறியும் திறனைக் குறிக்கச் சூட்டிகை, சமயோசிதம், கூர்மதி, மதிநுட்பம் எனத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. சூட்டிகை பெரும்பாலும் குழந்தைகளின் சுறுசுறுப்பான அறிவையும், சமயோசிதம் நேரத்துக்கேற்ற சொல்லையும் செயலையும் சுட்டும். மதிநுட்பம் விரைவை நேரடியாகச் சுட்டுவதில்லை. திண்மை திட்பம் என்றாவதுபோல் நுண்மை நுட்பம் என்றாயிற்று. எனவே பொருளின் உள்ளே புகுந்து காணும் ஆற்றலே இச்சொல்லின் அடிப்படை. விரைவு அதன் விளைவு.

திருக்குறள் இச்சொல்லை 'அமைச்சு' அதிகாரத்தில் (636) ஆள்கிறது. ஆட்சிப் பொறுப்பில் இருப்போரின் தகுதியாக இது பேசப்படுவது கருதத்தக்கது. அங்கு மதிநுட்பம் தனித்து நில்லாமல் நூலறிவோடு இணைகிறது. பரிமேலழகர் முன்னதை இயற்கையறிவு என்றும் பின்னதைச் செயற்கையறிவு என்றும் பகுப்பார். அடுத்த குறள் (637), நூல்நெறி அறிந்தவரும் உலகியல்பை அறிந்தே செயற்படவேண்டும் என வரையறுக்கிறது. ஆகவே இயற்கையறிவு, நூலறிவு, உலகியலறிவு ஆகிய மூன்றும் கூடியவிடத்தே இச்சொல்லின் பொருள் நிறைவுறுகிறது.

இப்பொருள்நிலைக்கு அண்மைக்காலச் சான்றாகத் திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தைக் கொள்ளலாம். அவ்வூரினரும் வேதிப் பொறியாளருமான இளங்கோ, 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்தார். கல் அறுக்கும் ஆலைகள் கழித்த கருங்கல் துண்டுகளைக் கொண்டு குறைந்த செலவில் கழிவுநீர்க் கால்வாய் அமைக்கப்பட்டது. ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டிலிருந்து விலகியதாகக் கூறி அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. அங்கு எழுந்த சமத்துவபுரத்தின் 50 இரட்டை வீடுகளிலும் உள்ளூர் மண்ணால் ஆன கற்கள் பயன்பட்டன. தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரின் இருபுறமும் குடியமர்ந்தன.

கால்வாய் நிகழ்வில் எதிரெதிர் நின்றவை நூலறிவும் அறியாமையும் அல்ல. மதிப்பீடும் நூல்நெறியே, கழிகல்லின் பயனைக் கண்டதும் பொறியியல் அறிவே. ஊரின் இயல்பை அறிந்து நூலைப் பயன்கொண்டதே வேறுபாடு. நுட்பம் என்னும் சொல் இன்று தொழில்நுட்பம் என்னும் கூட்டுச்சொல்லில் கருவிகளோடு பெரிதும் ஒட்டிவிட்டது. மதிநுட்பமோ போட்டித் தேர்வுகளின் விடைவேகமாகச் சுருங்கி வருகிறது. ஆளும் பொறுப்போடு அச்சொல்லுக்கு இருந்த உறவை மீட்டறிதல், சொற்பொருள் ஆய்வுக்கு மட்டுமன்றி உள்ளாட்சி பற்றிய சிந்தனைக்கும் தேவையாகும்.