முதலில் நாக்கு வறண்டது, அப்புறம்தான் மனசு தெளிந்தது

போன செமஸ்டரில் ஹாஸ்டல் நண்பன் ஒருவன், டாக்டர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையை ஆறாம் நாளே நிறுத்திவிட்டான். "வயித்தைப் பிரட்டுது, தூக்கமும் போச்சு. மனசு மட்டும் அப்படியேதான் இருக்குடா" என்றான். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவனுக்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்து 1956இல் போய் நின்றேன்!

ஸ்விட்சர்லாந்தில் ஏரிக்கரை ஊர் ஒன்று, மூன்ஸ்டர்லிங்கன். அங்கிருந்த மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற டாக்டர், கெய்கி கம்பெனி அனுப்பிய ஜி 22355 என்ற மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். முதலில் மனச்சிதைவு நோயாளிகளுக்குத்தான் கொடுத்தார்கள். பலன் இல்லை, சிலர் படபடப்பாகித் துள்ளினார்கள். வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். கூன் அதையே மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1956 ஜனவரியில் மருந்தைத் தொடங்கிய ஒரு பெண்மணி, ஆறு நாளில் ஆளே மாறிவிட்டார்.

எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. சிலருக்குச் சில நாளில், பலருக்கு வாரக்கணக்கில். ஆனால் நாக்கு வறட்சி, வியர்வை, மலச்சிக்கல், தலைசுற்றல் எல்லாம் உடனே வந்தன. 1957 செப்டம்பரில் ஜூரிச் மாநாட்டில் கூன் இதைப் பேசியபோது கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தானாம். அந்த மருந்துதான் இமிப்ரமின்.

(கூனை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. அந்த மருத்துவமனையில் நோயாளிகளிடம் முறையாகச் சம்மதம் வாங்காமல் பல மருந்துகளைச் சோதித்திருக்கிறார்கள் என்பதை 2019இல் வந்த ஆய்வு வெளியே கொண்டுவந்தது.)

சரி, ஏன் இந்தத் தாமதம்? 1961இல் ஜூலியஸ் ஆக்ஸல்ராட் குழுவினர், இமிப்ரமின் நரம்பு முனைகள் நாரட்ரினலினைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். அந்தத் தடை சில மணி நேரத்திலேயே ஏற்பட்டுவிடுகிறது. மனசு தேற மட்டும் ஏன் இரண்டு முதல் நான்கு வாரம்? இதற்கு இன்றும் முழு விடை இல்லை. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூஆக்ஸெடினும் இதே கதைதான். குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு முன்னால் வரும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறையும். பலன் பின்னால் வரும்.

நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சில இளைஞர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுவதைக் கண்டு, 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. புதிதாகப் பதற்றமோ அந்த மாதிரி எண்ணமோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416க்கு இலவசமாக எந்நேரமும் பேசலாம்.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "அப்ப எனக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டான், அவ்வளவுதான். மறுநாள் இருவருமாக டாக்டரைப் பார்த்தோம். அளவைக் குறைத்து, காலையில் சாப்பிட்டபின் போடச் சொன்னார். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது தன்னிடம் கேட்டு மெதுவாகக் குறைக்க வேண்டும் என்றார்.

இப்போது மூன்றாவது வாரம். குமட்டல் போய்விட்டது, தூக்கம் பாதி வந்திருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்டால் "பாக்கலாம்டா" என்கிறான்.