ஐ-லீக் கால்பந்து, 2018–19

இந்தியக் கால்பந்தின் ஐ-லீக் போட்டியில் தமிழ்நாடு, புதுச்சேரி வட்டாரத்துக்கு முதல் பட்டத்தைத் தந்த பருவம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்) வந்தபின் மவுசு குறைந்திருந்த இத்தொடரில் 11 அணிகள் ஆடின. காஷ்மீரின் ரியல் காஷ்மீர் அணிக்கு இதுவே முதல் ஐ-லீக் பருவம். முந்தைய ஆண்டு பின்வரிசையில் முடித்திருந்த சென்னை சிட்டி அணியைப் பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். அணியின் வீரர் பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார்.

2019 மார்ச் 9, கடைசி நாள். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிராக மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டு முந்தியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி கோகுலம் கேரளாவுடன் மோதியது. சென்னை சறுக்கி ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இடைவேளைக்குப் பின் மான்சி பெனால்டியில் சமன் செய்ய, தற்காப்பு வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்து 3–1 என ஆட்டத்தை முடித்தார். ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனாலும் சென்னைக்கு 43 புள்ளிகள், அதற்கு 42. ஷில்லாங் லாஜோங் கடைசி இடம் பெற்றது.

2020–21 பருவத்துக்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீகில் ஆடவில்லை.