குதிரை வந்த வழி: பாதுகா சகஸ்ரத்தின் முப்பத்திரண்டு கட்டங்கள்

1896ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கீழ்த்திசைக் கழகத்தின் சஞ்சிகையில் ஹெர்மன் யாகோபி எழுதிய சிறு கட்டுரையொன்று, வடமொழி இலக்கியத்தில் சதுரங்கத்தைப் பற்றி அதுவரை எவர் கண்ணிலும் படாதிருந்த இரண்டு பழைய குறிப்புகளை வெளிப்படுத்தியது. ஒன்று ரத்நாகரரின் ஹரவிஜயத்தில் வரும் சிலேடை. மற்றொன்று ருத்ரடரின் காவியாலங்காரத்தில் ரதபதம், துரகபதம், கஜபதம் என்னும் பெயர்களோடு வரும் சித்திர சுலோகங்கள். இரண்டும் காசுமீரத்தவை, இரண்டும் 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. 1913இல் சதுரங்க சரித்திரம் எழுதிய முர்ரேயும் இவற்றை ஏற்றுக்கொண்டபின், சுலோகத்தில் குதிரை ஓடினால் அவ்வூரில் சதுரங்கம் ஆடப்பட்டது என்று கொள்வது ஒரு நியாயமாகவே நிலைத்துவிட்டது. யாகோபியின் புலமைக்குத் தலைவணங்குகிற நான், அவருடைய இந்த அனுமானத்தோடு முழுதும் உடன்பட இயலாதவனாக இருக்கிறேன்; அதற்குக் காரணம் காசுமீரத்தில் இல்லை, திருவரங்கத்தில் இருக்கிறது.

வேதாந்த தேசிகர் அரங்கன் பாதுகையைப் பாடிய பாதுகா சகஸ்ரத்தின் முப்பதாம் பத்ததி சித்திர பத்ததி. அதில் 929, 930ஆம் சுலோகங்கள் அனுஷ்டுப் விருத்தத்தில் அமைந்தவை; ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு எழுத்துடையது. முதற் சுலோகத்தை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசையில் எழுதி, இடப்பக்கத்து மேல்மூலையிலிருந்து குதிரையை ஓட்டினால், அது மிதிக்கும் எழுத்துகள் முறையே கூடி இரண்டாம் சுலோகமாகின்றன. சேத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டங்களைக் கீறி, சோழியொன்றைக் குதிரையாக வைத்து இதனைச் சோதித்தேன். குதிரை எந்தெந்தத் தாவலில் எந்தக் கட்டத்தை அடைகிறது என்பதை எண்களால் குறித்தால், முதல் வரிசையில் 1, 30, 9, 20, 3, 24, 11, 26. இரண்டாவதில் 16, 19, 2, 29, 10, 27, 4, 23. மூன்றாவதில் 31, 8, 17, 14, 21, 6, 25, 12. கடைசியில் 18, 15, 32, 7, 28, 13, 22, 5 என்று விழுகின்றன.

பிறகு, அதே சோழியைக் கொண்டு ருத்ரடரின் துரகபதத்தையும் ஓட்டிப் பார்த்தேன். தாவலுக்குத் தாவல், கட்டத்துக்குக் கட்டம், அதே வழி! நாலெட்டுக் கட்டத்தில் ஒரு கட்டத்தையும் இருமுறை மிதியாமல் குதிரை ஓடிமுடிப்பதற்குப் பல்லாயிரம் வழிகள் இருக்க, காசுமீரத்துப் புலவரும் அவருக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு பின்வந்த தூப்புல் ஆசாரியராகிய தேசிகரும் முப்பத்தொரு தாவலிலும் தற்செயலாக ஒன்றுபட்டார்கள் என்று யாரும் துணிந்து சொல்லமாட்டார். வேறுபாடு எழுத்தில்தான். ருத்ரடர், தொடக்கத்து ஸகரம் ஒன்றொழிய, நகர லகரங்களை மாத்திரமே கொண்டு சுலோகத்தை நிரப்பிவிட்டார். குதிரை எங்கே தாவினாலும் நகரமோ லகரமோதான் கிடைக்கும், ஓடிமுடித்தபின் வருவதும் அதே சுலோகந்தான். தேசிகரிடத்திலோ எழுத்துகள் பலவகைப்பட்டவை. ஓடிமுடித்தபின் வருவது வேறொரு சுலோகம். கடினத்தைப் பன்மடங்காக்கியவர், வழியை மட்டும் மாற்றவில்லை.

இங்கேதான் யாகோபியின் நியாயம் நொண்டுகிறது. குதிரை ஓடும் சுலோகம் சதுரங்கத்துக்குச் சாட்சியென்றால், தேசிகரின் சுலோகம் 14ஆம் நூற்றாண்டுத் திருவரங்கத்தில் சதுரங்கம் ஆடப்பட்டதற்குச் சாட்சியாதல் வேண்டும். ஆனால் கைக்குக் கையாக வந்த வழியொன்றை மேற்கொண்டவர், பலகையையும் காய்களையும் ஒருமுறையேனும் தொட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் என்ன? அலங்கார சாஸ்திரம் பயின்றவர்க்கு அவ்வழி ஏட்டிலேயே கிடைத்திருக்கும். ருத்ரடருக்கு 1069இல் நமிசாது உரை எழுதினார். போஜனுடைய சரஸ்வதீ கண்டாபரணமும் துரகபதத்தைச் சித்திர வகைகளுள் ஏற்றுக்கொண்டது. கலியாணியில் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் சதுரங்கத்தைப் பேசுமிடத்திலேயே குதிரை ஓட்டத்தையும் கூறுகிறது. வடக்கேயிருந்து தெற்கே வருவதற்குப் படிகள் இவ்வளவு இருக்கின்றன. இவற்றுள் எந்தப் படியில் கால்வைத்து அவ்வழி திருவரங்கம் வந்தது என்பதை நிச்சயிக்க நான் முற்படவில்லை. தேசிகர் காலத்தை 1268 முதல் 1369 வரை என்று சம்பிரதாயம் வகுக்கிறது. ஓரிரவில் பாடப்பட்டதென்று சொல்லப்படும் இந்நூல், 1323இல் படையெடுப்பால் திருவரங்கம் கலங்கியதற்கு முந்தியதா பிந்தியதா என்பதை நூலின் அகச்சான்று தெளிவிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

யாகோபிக்கு நியாயம் செய்ய வேண்டுமாயின், அவர் பக்கம் ஒரு பலமான ஆதாரம் இருப்பதையும் சொல்லவேண்டும். குதிரை நிற்கும் முப்பத்திரண்டாம் கட்டம் நான்காம் வரிசையில் மூன்றாவது. அதிலிருந்து ஒரு தாவலில் ஐந்தாம் வரிசையின் முதற்கட்டத்துக்குப் போகலாம். போனால், மேற்பாதியில் ஓடிய வழியையே கீழ்ப்பாதியிலும் அச்சடித்தாற்போல ஓடி அறுபத்துநான்கையும் முடிக்கலாம். சுலோகத்துக்கு முப்பத்திரண்டு கட்டமே போதும் என்றிருந்தவனுக்குக் குதிரை எங்கே நின்றாலும் ஒன்றுதான். இது அவ்வளவு வாய்ப்பான இடத்தில் நிற்பதைப் பார்த்தால், இவ்வழியை முதலிற் கண்டவன் முழுப்பலகையையும் முன்வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஆட்டக்காரன் என்றே கொள்ளத் தோன்றுகிறது. ஆயினும் அந்த ஆட்டக்காரனும் ருத்ரடரும் ஒருவரே என்பதற்குப் பிரமாணம் ஏது? வழி சுலோகத்துக்கு முந்தியது என்றால், சுலோகம் வழியின் மேலெல்லையைக் காட்டுமேயன்றி ஆட்டத்தின் காலத்தைக் காட்டாது. இந்த இடத்தில் என் கையில் இருக்கும் சான்று மெல்லியது என்பதை உணர்ந்தேதான், இதனை அழுத்திச் சொல்லாமல் விடுகிறேன்.

கஜபதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் மூலைக்காயை யானை என்கிறோம். அதை மனத்திற்கொண்டு ருத்ரடரைப் படித்தால் யானை நகராது. அவருடைய யானை, 11ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி கண்டெழுதிய யானையைப் போல, முன்னே ஒன்றும் மூலைவாட்டில் நான்குமாக ஐந்து கட்டங்களுக்குப் போகவல்லது. தும்பிக்கை ஒன்று, கால்கள் நான்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனித் தமிழ்ப்பக்கம். தொல்காப்பியத்து வல்லும், 52ஆம் புறப்பாட்டில் பொதியிலில் முதியோர் காயிட்டாடிய வல்லும் சதுரங்கமே என்பாரோடு நான் வாதிடப் போவதில்லை. நாய் என்னும் காயும் பலகையும் உள்ள ஆட்டமெல்லாம் சதுரங்கமாகா. திருப்பூவனூரில் இறைவன் சதுரங்க வல்லபநாதர். சித்தராக வந்து இராசராசேசுவரியை ஆட்டத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் வரலாறு. ஆனால் 7ஆம் நூற்றாண்டில் அப்பர் அத்தலத்தைப் பாடிய பதிகத்தில் பூவனூர்ப் புனிதர் இருக்கிறார், பலகையும் காயும் இல்லை. கதை பிந்தியது என்பதற்கு இதுவே முடிந்த சான்றாகிவிடாது. முந்தியது என்பதற்கோ இது சிறிதும் உதவாது.

எனக்கு இவற்றினும் பொருளுடையதாகப் படுவது தண்டியலங்காரத்தின் மௌனம். கோமூத்திரி முதல் அக்கரச்சுதகம் ஈறாகப் பன்னிரண்டு சித்திரகவிகளை அது எண்ணுகிறது. துரகம் அவற்றுள் இல்லை. அந்நூலுக்கு மூலமாகிய தண்டியாரின் காவியாதர்சத்திலும் இல்லை. ஆகவே தண்டி வழியில் நின்ற தமிழ்ப்புலவர் நாகபந்தமும் சக்கரமும் வரைந்துகொண்டிருந்த காலத்தில், குதிரை வடமொழி வாயிலாக வைணவ ஆசாரியர் ஒருவரின் ஏட்டில் வந்து நின்றது. புலவர் வழக்கில் சேற்றூர் எனப்படும் எங்கள் சேத்தூர்ச் சமஸ்தானத்தில் தனிச்செய்யுட் சிந்தாமணியைத் தொகுத்த மு. ரா. கந்தசாமிக் கவிராயரைப் போன்றோர் வளர்ந்த மரபும் தண்டி மரபே. பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் இயற்றிய சதுரங்க பந்தம் பெயரால் நமக்கு நெருங்கியதாயினும், அதன் அமைப்பு வேறு.

ஆட்டப்பலகை, அலங்கார ஏடு என்னும் இரண்டையும் தவிர, மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அதனை நான் இன்னும் முற்றச் சோதிக்கவில்லை. அவதானிகள் ஒரே காலத்திற் செய்துகாட்டும் பல செயல்களுள் சதுரங்கமாடுதலும் ஒன்று. தெலுங்கு அவதானத்தில் துரகவல்கனம் என்றே ஓர் அங்கம் இருக்கிறது. பலகையைப் பாராமல் குதிரையின் அறுபத்துநான்கு கட்டங்களையும் ஒப்பிப்பது அது. பக்கத்து இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் இராசுக்கள் சில நூற்றாண்டுகளாக வாழ்ந்துவருவதைப் பார்க்கும்போது, அந்த வித்தை இம்மலையடிவாரம் வரை நடந்து வந்திருக்கலாமோ என்று மனம் ஆசைப்படுகிறது. ஆசைக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவதானிக்கு மனப்பாடமாக ஒரு வழி வேண்டும் என்பதும், கீழ்ப்பாதியில் அப்படியே மீளும் வழி மனப்பாடத்துக்குப் பாதிச் சுமையே என்பதும் ஆசையல்ல.

கடைசியாக ஒரு சோதனை செய்தேன். தேசிகர் அறுபத்துநான்கு கட்டத்தையும் எண்ணிப் பாடியிருப்பாராயின், மேற்பாதியில் 929ஐயும் கீழ்ப்பாதியில் 930ஐயும் எழுதி, குதிரையைக் கீழேயும் இறக்கினால் ஏதேனும் கிடைக்க வேண்டுமல்லவா? இறக்கினேன். முதலில் ‘ஸ்தி’, அடுத்து ‘ரா’ என்று, முதற் சுலோகத்தின் தொடக்கம் அப்படியே திரும்பி வந்தபோது கை சற்று நடுங்கிற்று. மூன்றாம் தாவலில் ‘க’ வரவேண்டிய இடத்தில் ‘ய’ வந்தது. அதன்பின் முப்பத்திரண்டாம் கட்டம் வரை ஓட்டியும் பொருள் கூடவில்லை.