ஆறுதல் சொல்ல ஆள் இல்லாத நாள்

காய்ச்சின பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனசும் ஆற வேண்டும். ஆறுதல் என்ற சொல்லுக்குள்ளேயே சூடு தணிய ஆகும் நேரமும் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நம்மூரில் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது; பக்கத்து வீட்டுக்காரர்களோ சொந்தக்காரர்களோ சோறு கொண்டு வருவார்கள்.

இந்த வழக்கமே செய்வதறியாமல் நின்ற நாள் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசன விழாக் காலம். சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் கிளப்பிய அலை காலையில் கடலூர் கரையில் ஏறியது. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், சிதம்பரத்தை அடுத்த கிள்ளை பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு என்று ஒவ்வொரு குப்பமாக வாரிக்கொண்டு போனது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் குழந்தைகள் நிறைய.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீனவர் குப்பத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். தெருவில் பாதி வீடு சாவு வீடு என்றால் யார் யாருக்குச் சோறு கொண்டு போவது? ஒப்பாரி வைக்க வந்தவளுக்கே ஒப்பாரி வேண்டியிருந்தது. சேர்த்துப் புதைத்த குழிகளில் தன் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தெரியாத தாய்க்கு என்ன சொல்ல முடியும்?

சோறு உள்நாட்டு ஊர்களில் இருந்து வந்தது. இதே மாவட்டத்து வடலூரில் 1867 மே 23-ல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. முதலில் பசியைக் கவனி என்பது இந்த மண்ணுக்குப் புதுப் பாடம் இல்லை. இறந்தவர் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று மாநில அரசு நிவாரணம் கொடுத்தது. அதைப் பேரேட்டில் பற்று வரவு எழுதிவிடலாம், மற்றதை எழுதப் பக்கம் கிடையாது!

பிறகு மனநல ஆலோசகர்கள் வந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு என்ன சொல்கிறது தெரியுமா? நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே, உடனடித் தேவையைக் கவனி, பேசினால் கேள். சோற்றுப் பானையோடு வந்து திண்ணையில் சும்மா உட்கார்ந்த கிழவிகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கடலூர்க் கடற்கரையில் பெண்கள் கூடுகிறார்கள். பூவைத் தூவி, பாலைக் கடலில் ஊற்றுகிறார்கள். எல்லா வீட்டு அழுகையும் அங்கே ஒன்றாகத்தான் கேட்கிறது. அழுது முடித்ததும் ஒருத்தியை இன்னொருத்தி கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள்.