ஹரியானாவில் மகளிர் ஹாக்கி: களத்தில் நிலைத்தலின் சமூக வரலாறு

முன்னுரை

பள்ளிக் குழு விளையாட்டுகளில் ஊக்கத்தோடு சேரும் சிறுமியருள் பலர், பருவமெய்தும் காலத்தையொட்டி ஆடுகளத்தை விட்டு விலகிவிடுகின்றனர். பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வம் குறைந்துவிடுவதே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கூற்று எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இந்திய மகளிர் ஹாக்கியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2021ஆம் ஆண்டில் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இந்திய மகளிர் ஹாக்கி அணியினர் 16 பேருள் 9 பேர் ஹரியானா மாநிலத்தவர். இவர்களுள் பெரும்பாலோர் பிறந்து வளர்ந்த காலத்தை ஒட்டிய 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அம்மாநிலத்தில் 1000 ஆண்களுக்கு 861 பெண்களே இருந்தனர். ஆறு வயது வரையிலான குழந்தைகளுள் இவ்விகிதம் 819 மட்டுமே. பெண்மகவை விரும்பாத மாநிலம் எனப் பெயர்பெற்ற ஒன்று, நாட்டின் மகளிர் அணியில் பாதிக்கு மேற்பட்டோரை அளித்தது எவ்வாறு என்னும் வினா இங்கு எழுகிறது.

தொடக்ககால மகளிர் ஹாக்கி

இந்தியாவில் மகளிர் ஹாக்கி நகர்ப்புறப் பெண்கள் பள்ளிகளை ஒட்டியே வேரூன்றியது. அதன் தொடக்ககால வீராங்கனையருள் ஆங்கிலோ இந்தியர் முதன்மை இடம் பெற்றனர். 1961ஆம் ஆண்டில் ஆன் லம்ஸ்டனும், 1965ஆம் ஆண்டில் எல்வெரா பிரிட்டோவும் அர்ஜுனா விருது பெற்றனர். பிரிட்டோ தலைமையேற்ற மைசூர் அணி 1960 முதல் 1967 வரை தொடர்ந்து எட்டு முறை தேசிய வாகையர் பட்டம் வென்றது. இச்சமூகத்தில் பெண்பிள்ளைகள் ஆட்ட உடை அணிவதும், போட்டிக்காக வெளியூர் செல்வதும் இழுக்காகக் கருதப்படவில்லை. சோட்டாநாகபுரிப் பகுதியின் பழங்குடிச் சிற்றூர்களிலும் சமயப் பரப்பாளரின் பள்ளிகள் வழியாக ஹாக்கி பரவியது.

1974ஆம் ஆண்டு முதல் உலகக் கிண்ணப் போட்டியிலும், மகளிர் ஹாக்கி முதன்முதலாக இடம்பெற்ற 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிலும் இந்திய அணி நான்காம் இடம் பெற்றது. 1982ஆம் ஆண்டு புதுதில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. ஆயினும், அதன் பின்னர் 2016ஆம் ஆண்டு வரை, 36 ஆண்டுகள் இந்திய மகளிர் அணி ஒலிம்பிக் களத்தில் இடம்பெறவில்லை. திறமையுடையோர் சிலர் ஓரிடத்தில் தோன்றுவதால் மட்டும் ஓர் ஆட்டம் தலைமுறை தாண்டி நிலைப்பதில்லை என்பதை இந்நீண்ட இடைவெளி உணர்த்துகிறது.

ஷாகாபாத் மார்க்கண்டா

குருச்சேத்திர மாவட்டத்தில் உள்ள ஷாகாபாத் மார்க்கண்டா ஒரு சிறுநகரம். தோக்கியோ அணியின் தலைவி ராணி ராம்பால், நவ்ஜோத் கௌர், நவ்நீத் கௌர் ஆகிய மூவரும் இவ்வூரினர். முன்னாள் அணித் தலைவியரான சுரிந்தர் கௌர், ரீத்து ராணி ஆகியோரும் இவ்வூரிலிருந்தே எழுந்தவர்கள். இங்குப் பல்லாண்டுகள் பயிற்சியளித்த பல்தேவ் சிங் 2009ஆம் ஆண்டில் துரோணாச்சாரியர் விருது பெற்றார்.

வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகளான ராணி, தம் இளமைக்காலம் பற்றிக் கூறியுள்ள செய்திகள் நம் ஆய்வுக்குப் பெரிதும் உதவுகின்றன. அரைக்கால் உடையில் மகள் ஓடுவதைப் பெற்றோர் ஏற்காமையால் அவர் சல்வார் கமீஸ் அணிந்தே ஆடத் தொடங்கினார். வீட்டில் கடிகாரம் இல்லாமையால் தாய் வானத்தைப் பார்த்து நேரம் கணித்து விடியற்காலைப் பயிற்சிக்கு எழுப்புவார். ஒவ்வொருவரும் நாள்தோறும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்பது பயிற்சிக்கூட விதி. 200 மில்லிலிட்டர் மட்டுமே வாங்க இயன்ற ராணி, அதில் நீர் கலந்து அருந்தினார். போதிய உடல்வலு இல்லை என முதலில் தயங்கிய பயிற்றுநரே பின்னர் மட்டையும் காலணியும் வாங்கித் தந்து, தம் குடும்பத்தோடு தங்கவும் இடமளித்தார்.

இங்கு உடை, நேரம், உணவு, கருவி, இருப்பிடம் என ஐந்து தடைகளைக் காண்கிறோம். இவற்றுள் ஒன்றேனும் சிறுமியின் ஆர்வத்தைச் சார்ந்ததன்று. ஒவ்வொன்றும் வேறொருவரின் முயற்சியால் நீக்கப்பட்டது. இன்னொரு சான்றையும் நோக்கலாம். அதே அணியில் ஆடிய ஹிசார் மாவட்டத்து உதிதா, தொடக்கத்தில் கைப்பந்து பயின்றவர். அதன் பயிற்றுநர் வாராமையால் ஹாக்கிக்கு மாறியதாக அவரே கூறியுள்ளார். ஆக, தவறாமல் களத்திற்கு வரும் ஓர் ஆசிரியரே ஒரு சிறுமியின் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் ஆற்றல் உடையவராகிறார்.

பெற்றோரின் நம்பிக்கையும் வாழ்வாதாரமும்

மூத்த மாணவியர் ஆடித் திரும்புவதைக் கண்ட பெற்றோர் தம் மகளையும் அதே களத்திற்கு அனுப்பத் துணிந்தனர். சோனிப்பட்டில் இப்பணியை முன்னாள் இந்திய அணித் தலைவி பிரீத்தம் சிவாச் மேற்கொண்டார். அவரிடம் பயின்ற நேகா கோயல், நிஷா ஆகியோரும் தோக்கியோ அணியில் இடம்பெற்றனர். 2021ஆம் ஆண்டில் சிவாச் துரோணாச்சாரியர் விருது பெற்றார். பயிற்றுநர் பெண்ணாக இருப்பது பெற்றோரின் அச்சத்தைக் குறைக்கும் என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

இதனோடு இந்திய இரயில்வேயின் பங்கும் சேர்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டின் வழி வீராங்கனையருக்கு அது வேலை வழங்கியது. நிலையான ஊதியம் கிட்டும் என்னும் நம்பிக்கை, மகளின் திருமணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடவும் வறிய குடும்பங்களுக்குத் துணிவளித்தது எனலாம்.

வரையறைகள்

இவ்வெற்றியை மிகைப்படுத்துதல் ஆய்வுநெறி ஆகாது. ஹரியானாவின் பாலின விகிதம் 2011ஆம் ஆண்டில் 879ஆக உயர்ந்தது. இதற்கு ஹாக்கியே காரணம் எனக் கூற இயலாது. தோக்கியோவில் ஆஸ்திரேலியாவை 1–0 என வென்று நான்காம் இடம் பெற்ற அணி, 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை. இவற்றைவிட முக்கியமான வினா ஒன்றுண்டு. வேலையையும் பதக்கத்தையும் நோக்கிய அமைப்பு, அவற்றை எட்டக்கூடியவர்களை மட்டுமே தக்கவைக்கும். ஷாகாபாத் களத்தில் ஆடிய சிறுமியருள் நாட்டு அணியை எட்டியோர் மிகச் சிலரே. எஞ்சியோர் எந்த வயதில், எக்காரணத்தால் விலகினர் என்பதை விருதுப் பட்டியல்கள் கூறுவதில்லை.

முடிவுரை

ஆர்வம் தொடக்கத்தைத் தருகிறது. ஆயின், நிலைத்தலுக்கு வீட்டருகே ஒரு களமும், ஆண்டுதோறும் மாறாத ஓர் ஆசிரியரும், பெற்றோர் ஏற்கும் உடையும் நேரமும், முன்சென்ற மூத்த மாணவியரும் தேவைப்படுகின்றனர். இவை அமைந்த இடத்தில், பெண்பிறப்பை வரவேற்காத சமூகத்திலும் சிறுமியர் நிலைத்தனர் என்பதே ஹரியானா காட்டும் வரலாறு. நம் பள்ளிகளில் ஒரு மாணவி புறப்பாட நடவடிக்கையிலிருந்து விலகும்போது, அவளுக்கு ஆர்வமில்லை என்று பதிவேட்டில் குறித்துவிடுவது எளிது. அவ்வாறு குறிக்குமுன், பயிற்சி முடிந்து அவள் எவ்வாறு வீடு திரும்புகிறாள், எதை அணிந்து ஆடுகிறாள், அவளுடைய தாயாரிடம் நம்மில் எவரேனும் பேசினோமா என்பனவற்றை ஆசிரியர்களாகிய நாம் கேட்டறிதல் வேண்டும்.