கொல்லைப்புறத்து எர்த் குழி

சிலமலையில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையை மட்டப்படுத்தியபோது, துவைகல்லுக்கும் முருங்கைக்கும் நடுவே இருந்த எர்த் குழியை மூடிவிட்டார்கள். பிடுங்கிய ஜிஐ பைப்பின் கீழ்ப்பாதி கையிலேயே உதிர்ந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்திருக்கும்.

வீட்டுக்கு மின்சாரம் வந்த ஆண்டே அதுவும் வந்தது. ஆளுயரத்துக்கு மேல் குழி வெட்டி, ஐ.எஸ். 3043 விதி கேட்கும் 38 மில்லிமீட்டர் பைப்பை நடுவில் நிறுத்தி, கல்லுப்பு ஒரு வரிசை, அடுப்புக்கரி ஒரு வரிசையென மாற்றி மாற்றிக் கொட்டி, மேலே புனல் வைத்துத் தொட்டி கட்டி, எட்டாம் நம்பர் கம்பியை மெயின் போர்டுவரை இழுத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்த 100 வாட் குண்டு பல்பு நிறைந்து எரிவதைக் கண்ட பிறகுதான் வயர்மேன் சாப்பிட உட்கார்ந்தாராம், அப்பத்தா சொல்வார்.

உப்பும் கரியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரம் இருக்கும்வரை மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில் அப்பத்தா நாள்தோறும் ஒரு குடம் ஊற்றுவார். குடிதண்ணீருக்கு வரிசையில் நின்ற கோடையிலும் அதன் பங்கைக் குறைத்ததில்லை.

பின்னர் கீசர் வந்தது. அதன் உடம்பையும் இரும்புத் தண்ணீர்க் குழாயையும் கம்பியால் எர்த்தோடு பிணைத்தார்கள். ஏலமலைக் குளிர் இறங்கும் மார்கழி விடியலில், ஈரக்கை ஒன்று கீசரிலும் மற்றொன்று குழாயிலும் பட்டாலும் இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் எழாமல் காத்தது அந்தப் பிணைப்பு. ஒருமுறை காயில் வெடித்து கீசரின் உடம்பில் மின்சாரம் ஏறியது. பியூஸ் போயிற்று. உள்ளே குளித்துக்கொண்டிருந்த தம்பி, தண்ணீர் ஏன் சுடவில்லை என்று மட்டும் சத்தம் போட்டான்.

குழாய்கள் பிளாஸ்டிக்காக மாறியபோது அந்தக் கம்பிக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் போயிற்று. ஈரத்தைக் காத்த உப்பே துத்தநாகப் பூச்சைத் தின்று, பிறகு இரும்பையும் தின்றது. கடைசி ஆண்டுகளில் பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. இப்போது செம்பு பூசிய கம்பியைப் பெண்டோனைட் பொடியோடு புதைத்திருக்கிறோம். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே ஆர்சிசிபி சுவிட்ச் தட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். அவை இன்னும் நன்றாகவே காக்கும். குறை சொல்ல மனமில்லை.

அப்பத்தாவுக்குப் பின் அம்மாதான் தண்ணீர் ஊற்றினார். போன சித்திரையில் குடத்தோடு கொல்லைக்குப் போனவர், புதுச் சிமெண்டுத் தளத்தருகே சற்று நேரம் நின்றார். பிறகு முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்தார்.